சின்னக் கியரில் கட்டிய மஞ்சள் கயிறு

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் திரு. சுகுமாரன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மாரியம்மன் கோயில் பூசாரி சாமிநாதன் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்தவரின் துணைவியார் புவனேஸ் அக்கா, மழையில் நனைந்து வந்து இன்னும் ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும் நம் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் மக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மறைந்த கிராணியார் திரு. நல்லுசாமி அவர்களை ஆலமரம் என்றார்கள். அணையாத விளக்கு என்றார்கள். இந்த மலைக் குளிரில் ஆலமரம் எங்கே வளர்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மரமும் இல்லை, விளக்கும் இல்லை. அவர் ஒரு பிடிவாதக்காரர். சொன்னதைக் கேட்காதவர். கேட்டாலும் கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளாதவர். நம் வண்டிக் குழுவில் அவர் தலைவராகவும் நான் செயலாளராகவும் இருந்த காலம் முழுவதும் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். இங்கே வந்து அவரைப் புகழ்ந்து மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தால், அந்தப் படத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை உயிரோடு இருந்தபோதே என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே வரும்போது வாசலில் செருப்புக் கழற்றும் இடத்தில் ஒரு பேச்சுக் காதில் விழுந்தது. "கயித்த அவுத்தாரு, போயிட்டாரு." சொன்னவர் யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏனென்றால் இதே வாக்கியத்தை அடக்கம் நடந்த நாளிலிருந்து கடையில் கேட்டேன், தொழிற்சாலை வாசலில் கேட்டேன், என் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில்கூடக் கேட்டேன். இன்றைய கூட்டத்தின் முடிவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது என்றும் அறிகிறேன். வண்டிக்குத் தோஷம் பிடித்திருக்கிறது, அடுத்த ஆயுத பூஜை வரும்வரை அதை ஷெட்டில் நிறுத்திவைப்போம், அதுவே கிராணியாருக்கு நாம் செய்யும் மரியாதை என்று தீர்மானமாம்!

மரியாதையா? யாருக்கு மரியாதை? அந்த வண்டியை நிறுத்தக் கூடாது என்பதற்காகவே வேலை ஓய்வுக்குப் பிறகு வாழ்ந்த மனிதருக்கு, வண்டியை நிறுத்திவைத்து மரியாதை செய்வதா?

அதனால்தான் பேச எழுந்தேன். வண்டியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வண்டியை விட்டுவிட்டு நல்லுசாமி அவர்களைப் பற்றி எப்படிப் பேசுவது?

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்ட நிர்வாகம் புது வண்டிகள் வாங்கியபோது, நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர்வீல் வண்டி ஒன்றைக் கழித்துவிட இருந்தது. தொழிற்சாலை ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்த நல்லுசாமி அவர்கள், ஓய்வு பெறும் நாளில் மாலையும் கைக்கடிகாரமும் வேண்டாம், அந்த வண்டியை மேல் டிவிஷன் ஆட்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்தார்கள். அன்றிலிருந்து அதுதான் நமக்கு ஆம்புலன்ஸ், பிரசவ வண்டி, கல்யாண வண்டி. நம் லைன் வீடுகளுக்கு வரும் மண் சாலையில் வேறு எந்த வாடகைக் கார் ஏறுகிறது? மழை பெய்தால் மோட்டார் சைக்கிளே படுத்துக்கொள்கிறது.

எல்லாவற்றையும்விட, கத்தரீன் அக்கா. அவர் இங்கேதான் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவருடைய சிறுநீரகம் வேலை செய்வதில்லை. வாரத்தில் மூன்று நாள் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், அடுத்த முறையும் தவறினால் மூச்சு முட்டும். அந்த மூன்று நாளும் கிராணியார் விடியும் முன்னே லைன் வாசலில் ஹாரன் அடிப்பார். "ஏறுங்கக்கா, ஏறுங்க. பேச்ச வண்டில வச்சிக்கலாம்."

ஒரு நாள்கூட அவர் வராமல் இருந்ததில்லை. இதை மறுக்க யாராவது உண்டா? காய்ச்சலில் வந்தார். மகள் கல்யாணத்துக்கு முதல் நாளும் வந்தார். கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கூட்டத்தின் கார்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்ற ஞாயிற்றுக்கிழமைகளில், கீழே இறங்கி நடுரோட்டில் நின்று கையை ஆட்டி வழி வாங்கிக்கொண்டு போனார். வண்டி ஓடியது.

அந்த வண்டியின் பின் டிஃபரன்ஷியல்தான் போன வருடக் கடைசியில் கொதிக்க ஆரம்பித்தது.

பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் போல ஓர் இரும்புக் கூடு இருக்கும். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரங்கள் அதற்குள் எண்ணெயில் கிடக்கும். நம் ஆட்கள் வாயில் அது "டிப்பு". ஓடினால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆனால் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், உள்ளே ஏதோ ஒன்று ஏதோ ஒன்றோடு மல்லுக்கட்டுகிறது என்று அர்த்தம். விட்டுவைத்தால் ஒரு நாள் இறக்கத்தில் பற்கள் இறுகும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். நம் சாலையின் இறக்கம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறு பக்கம் ஒன்றுமே இல்லை.

ஒரு மாலை நான் போனபோது அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

"டீச்சர், வாங்க. கைய வச்சுப் பாருங்க, தோசக்கல்லு மாதிரி கெடக்குது."

"எதனால கிராணியாரே?"

"எதனாலன்னு தெரிஞ்சா நான் ஏன் இந்தச் சேத்துல படுத்துக் கெடக்கறேன்?"

நான் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள். சூடு என்றால் எங்கே, எப்போது, எவ்வளவு என்று மூன்று கேள்விகளைத்தான் முதலில் கேட்பேன். கிராணியார் கேட்டது வேறு கேள்வி. வழியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்.

தோன்றாதவர் யாராவது இருந்தீர்களா? இந்த மண்டபத்தில் யோசனை சொல்லாதவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்! எண்ணெய் குறைந்துவிட்டது என்றார் ஒருவர். கூடிவிட்டது என்றார் அவருடைய தம்பி. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார் ஒருவர். சக்கரங்கள் சில்லென்று இருக்க நடுக்கூடு மட்டும் சுடும்போது பிரேக் எப்படிக் காரணமாகும் என்று கேட்டால், "அது அப்படித்தான் டீச்சர்" என்றார். சுடுகாட்டுப் பக்கம் நிறுத்தாதீர்கள் என்று சொன்னவரும் இங்கேதான் இருக்கிறார். பெயர் சொல்லவில்லை.

அதில் ஒரு யோசனை, மிஞ்ஞாக் ஹித்தாம் ஊற்றுவது. கறுப்பு எண்ணெய் என்று அர்த்தம்; மலாய்க்காரர் வாயில் அது எஞ்சின் எண்ணெய்க்குப் பெயர். நம் வாயில் இரும்புக்குள் ஊற்றும் எல்லா எண்ணெய்க்கும் அதுவே பெயராகிவிட்டது. டிஃபரன்ஷியலுக்குத் தடித்த கியர் எண்ணெய் வேண்டும். கிராணியார் நம் அகிலனைக் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் கேட்டதைக் கொடுத்தார். மெல்லிய எஞ்சின் எண்ணெய் உள்ளே போனது. சூடு இன்னும் ஏறியது.

"என்ன எண்ணெய் ஊத்துனீங்க?" என்று கேட்டேன்.

"மிஞ்ஞாக் ஹித்தாம்தான்."

"கறுப்பாவா இருந்துச்சு? புது எண்ணெய் எப்படிக் கறுப்பா இருக்கும்?"

"பேரு அதானே டீச்சர்! மனுசனுக்குக் கறுப்பன்னு பேரு வச்சா செவப்பா இருக்கக் கூடாதா?"

இப்படிப் பேசுகிறவரிடம் என்னதான் செய்வது? சொல்லுங்கள்!

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்ததைத் தொடுங்கள் என்று கெஞ்சினேன். சரி சரி என்றார். அடுத்த வாரமே ஒரே நாளில் சரியான எண்ணெயை ஊற்றினார், அந்தக் கூட்டின் ஆவி வெளியேறும், சேறு அடைத்திருந்த மூச்சுக் குழாயைச் சுத்தம் செய்தார், பின்னால் இரண்டு டயரையும் புதிதாகப் போட்டார். மறுநாள் சூடு முன்பைவிட மோசமானது. எதனால் மோசமானது? எண்ணெயாலா, குழாயாலா, டயராலா? யாரால் சொல்ல முடியும்! நான் அன்று அவரோடு பேசவில்லை. அவர் என் வீட்டு வாசலில் ஒரு கட்டு வாட்டர்கிரெஸ் கீரையை வைத்துவிட்டுப் போனார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கும் விதம். திருந்துவதாக அதற்கு அர்த்தமில்லை.

பிரிஞ்சாங் ஊர்ச் சீன முதலாளி, தவுக்கேயின் பட்டறைக்குப் போனது வண்டி. அவர் டிஃபரன்ஷியலைத் திறந்து, பற்களை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்தது. மூடிவிட்டு, "லு புன்யா கிரேத்தா தாடா சாக்கிட் லா" என்று சொல்லி அனுப்பினார். உன் வண்டிக்கு நோயே இல்லை என்று. நோய் இல்லாத வண்டி மறுநாளும் கொதித்தது. ஆனாலும் வண்டி ஓடியது. இறக்கத்துக்கு முன்னால் நிறுத்தி, வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றி, ஆவி அடங்கும்வரை காத்திருந்து கிராணியார் ஓட்டினார்.

இத்தனை ஆண்கள் இத்தனை யோசனை சொன்ன காலத்தில், அந்த வண்டியில் பின்னால், டிஃபரன்ஷியலுக்கு நேர் மேலே, பக்கவாட்டுப் பலகையில் ஒருவர் உட்கார்ந்துகொண்டே இருந்தார். வாரம் மூன்று நாள், போக வர. அவரிடம் யாராவது கேட்டீர்களா?

கத்தரீன் அக்கா தானாகவே சொல்லிப் பார்த்தாராம். "நீங்க சும்மா இருங்கக்கா, ஒங்க ஒடம்பப் பாருங்க" என்று பதில் வந்ததாம். ஒரு விடுமுறை நாளில் அவருக்குத் துணையாக நான் போனபோதுதான் என்னிடம் சொன்னார்.

"டீச்சர், எனக்கு வகுத்தப் பெரட்டுது. அந்த எண்ண நாத்தம் வருதுல்ல?"

"ஆமாக்கா."

"இப்ப வருது. ஆனா நம்ப மண்ணு ரோட்டுல வராது. அங்க எப்படிக் குலுக்குனாலும் வராது. தாருக்கு ஏறி நாலு வளைவு போனோன்னதான் வரும். கெட்ட ரோட்டுல சும்மா இருக்குது, நல்ல ரோட்டுலதான் பேயாட்டம் ஆடுது. இது என்னா வண்டி லா, நம்ப டொமினிக் மாதிரி!"

டொமினிக் அவருடைய கணவர். அண்ணன் மன்னிக்க வேண்டும், அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

கெட்ட சாலையில் குளிர்கிறது, நல்ல சாலையில் கொதிக்கிறது! இந்த ஒரு வாக்கியத்துக்காக நாங்கள் எத்தனை மாதம் அலைந்தோம்! பள்ளி ஆய்வகத்தில் தொடாமலே சூட்டை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அடுத்த முறை அதை எடுத்துக்கொண்டு போனேன். மண் சாலை முடியும் இடத்தில் இறங்கி அளந்தேன். வெதுவெதுப்பு. தானா ராத்தா போய்ச் சேர்ந்ததும் அளந்தேன். கொதிப்பு. முன்னால் இருக்கும் டிஃபரன்ஷியலையும் அளந்தேன். அதுவும் சுட்டது. அதுவரை யாரும் குனிந்து அதைப் பார்க்கவே இல்லை.

நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்படி போட்டால், முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் அதிகத் தூரம் போக வேண்டும், பின் சக்கரங்கள் குறைவாக. சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் வழுக்காது. அச்சுகள் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் நம் மலை வளைவுகளில் வேகமாக நடந்து பாருங்கள், புரியும். அதோடு பின்னால் மட்டும் புது டயர் போட்டால்? பின் சக்கரம் பெரிது, முன் சக்கரம் தேய்ந்து சிறியது. இழுபறி இன்னும் கூடும். அதுதான் நடந்தது.

ஆகவே கேள்வி ஒன்றுதான். தாரிலும் வண்டியை நாலில் போட்டு ஓட்டுகிறாரா?

"எப்பவும் நாலுதான் டீச்சர்" என்றார் கிராணியார், பெருமையோடு. "ரெண்டு கால்ல நிக்கிறத விட நாலு கால்ல நிக்கிறது உறுதியில்லையா?"

"முன்னெல்லாம் தாருக்கு வந்ததும் ரெண்டுக்கு மாத்துவீங்களே!"

"இப்ப மாத்த முடியாது. கயிறு இருக்குல்ல."

நான் குனிந்து பார்த்தேன். பெரிய கியருக்குப் பக்கத்தில், ரெண்டுக்கும் நாலுக்கும் மாற்றும் சின்னக் கியரின் கழுத்தில் மஞ்சள் கயிறு. அதன் மறுமுனை, டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள கொக்கியில் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. ஆயுத பூஜையன்று கட்டிய கயிறு. அன்று மழை. கோயில் மேட்டில் ஏற நாலில் போட்டிருக்கிறார். அப்படியே சாமி முன்னால் நிறுத்தி, அப்படியே கட்டச் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தின வருடம் ஸ்டியரிங்கில் கட்டிய கயிறு கை உரசி அறுந்துபோய், அதே வாரம் வண்டி வாய்க்காலில் இறங்கியதாம். அதனால் இந்த முறை கை படாத இடம். சின்னக் கியரை அசைத்தால் கயிறு அறுந்துவிடும். அறுந்தால் அபசகுனம். ஆகவே அசைக்கவில்லை. கொதிப்பு தொடங்கியது எப்போது? ஆயுத பூஜைக்குப் பிறகு!

எத்தனை பேர் அந்த வண்டியில் முன்னால் உட்கார்ந்து போயிருக்கிறீர்கள்! அத்தனை பேர் கண்ணுக்கு முன்னாலும் அந்தக் கயிறு ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஏறும்போது தொட்டுக் கும்பிட்டீர்கள். கும்பிட்டுவிட்டு, வண்டி ஏன் சுடுகிறது என்று யோசனை சொன்னீர்கள்!

"அவுத்துருங்க கிராணியாரே" என்றேன்.

"என்னா டீச்சர், வெளையாடுறீங்களா? ஆத்தா கட்டுன கயிறு."

"ஆத்தாவா கட்டுச்சு? பூசாரி கட்டுனாரு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

சூட்டின் அளவுகளைக் காட்டினேன். படம் வரைந்து காட்டினேன். மண்டபத்துத் தரையில் இரண்டு பேரைக் கயிற்றால் கட்டி நடக்கவிட்டும் காட்டினேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிதான் டீச்சர். ஆனா அவுக்க மாட்டேன்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டு, அதற்கு நேர் எதிராக நடக்கும் ஒரு மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அதோ அந்தப் படத்தில் மாலை போட்டுக்கொண்டு இருக்கிறார்.

பிறகு ஒரு நாள் பிரிஞ்சாங்குக்கு மேலே உள்ள வளைவில் பின்னாலிருந்து புகை வந்தது. டிஃபரன்ஷியலின் ஓரத்தில் கசிந்த எண்ணெய் கருகியது. வண்டி நின்றது. உள்ளே கத்தரீன் அக்கா, வீங்கிய காலோடு. திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்த லோரிக்காரர் ஒருவர் நிறுத்தி, அக்காவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டார். ஏறும்போது அக்கா திரும்பிப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம். "கிராணியாரே, நான் ஒங்க கயித்த நம்பி வண்டில ஏறல. ஒங்களத்தான் நம்பி ஏறுனேன்."

 மறுநாள் காலை கிராணியார் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினார். தேங்காய் உடைத்தார். கயிற்றை அறுக்கவில்லை. சாக்குத் தைக்கும் கோணியூசியால் முடிச்சை நெகிழ்த்தி, முழுதாக அவிழ்த்தார். சின்னக் கியரை இழுத்தார். வரவில்லை. அத்தனை நாள் இழுபறியில் இறுகிப்போயிருந்தது. வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்த பிறகுதான் தட்டென்று விழுந்தது. தேய்ந்த முன் டயர்களையும் அன்றே மாற்றினார்.

தானா ராத்தா போய்வந்து, நேராக என் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். மாணவர்கள் எல்லாம் பார்க்க, என்னைச் சேலையோடு குனியவைத்தார்.

"தொட்டுப் பாருங்க டீச்சர். கொழந்த நெத்தி மாதிரி இருக்குது!"

தொட்டேன். அப்படித்தான் இருந்தது.

"இத அப்பவே செஞ்சிருக்கலாம்" என்றேன்.

"அதான் செஞ்சிட்டேன்ல? விடுங்கலா!"

அதன்பிறகு அந்த வண்டியில் ஒரு வழக்கம் வந்தது. மண் சாலை முடிந்து தார் தொடங்கும் இடத்தில் பின்னாலிருந்து கத்தரீன் அக்கா "ரெண்டு!" என்று சத்தம் போடுவார். திரும்பி வரும்போது அதே இடத்தில் "நாலு!" என்பார். கிராணியார் மறக்கக் கூடாதே என்று. பிறகு வண்டியில் ஏறுகிற எல்லோரும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். "நான் என்னா மாட்டு வண்டியா ஓட்டறேன்?" என்று அவர் கோபித்துக்கொள்வார். ஆனால் யாரும் கத்தாத நாளில் மெதுவாக்கிவிட்டுக் காத்திருப்பார்.

சில வாரங்கள் அப்படிப் போயின. பிறகு ஒரு காலையில், காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

கயிற்றை அவிழ்த்ததால் போனாரா? கேளுங்கள், சொல்கிறேன். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தவர் அவர். உள்ளே டாக்டர்கள் இருந்தார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது, இடது தோள் வலித்தது, இரண்டு முறை படியில் உட்கார்ந்துவிட்டார். கத்தரீன் அக்கா திட்டினார், நான் திட்டினேன், புவனேஸ் அக்கா அழுதார். "வாயு டீச்சர், வேறொண்ணுமில்ல." வண்டிக்கு அடியில் படுத்து, சூடு எங்கே என்று கை வைத்துப் பார்த்த மனிதர்! பத்து எட்டு வைத்து அந்தக் கதவுக்குள் போய் ஒரு சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டியிருக்கக் கூடாதா? எனக்குக் கோபம்தான் வருகிறது. அழுகை வர வேண்டிய இடத்திலெல்லாம் கோபம்தான் வருகிறது. புவனேஸ் அக்கா என்னை மன்னிக்க வேண்டும்.

அவரைக் கொண்டுபோனது அவருடைய இதயம். கயிறு அல்ல.

அவர் அடக்கம் முடிந்ததும் நம்மில் யாரோ அந்தச் சின்னக் கியரை மறுபடி நாலில் தள்ளி, புதுக் கயிறு கட்டிவிட்டார்கள். யார் என்று நான் கேட்கப்போவதில்லை. பயத்தில் செய்தது. கிராணியாருக்குப் பதிலாக ஓட்ட வந்த அகிலன் அப்படியே ஓட்டிக்கொண்டு போனார், அவிழ்க்கத் துணியவில்லை. அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. கத்தரீன் அக்கா எனக்குப் போன் செய்தார். "டீச்சர், நாத்தம் திரும்ப வந்திருச்சு." அடுத்த முறை அகிலன் ஓட்ட வரவேயில்லை. அக்கா போகவில்லை. இப்போது அவர் கால்களைப் பாருங்கள். போர்வைக்குள் மறைத்துவைத்திருக்கிறார்.

நேற்று நான் கோயிலுக்குப் போனேன். அதிகம் போகாதவள் என்பது எல்லோருக்கும் தெரியும். பூசாரி ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஐயா மேடையில் இருக்கிறார், நான் மாற்றிச் சொன்னால் இங்கேயே திருத்தட்டும். கியரில் கட்டிய சாமிக் கயிற்றை அவிழ்க்கலாமா என்று கேட்டேன்.

ஐயா சொன்னார்: "ஆயுத பூசையன்னிக்கு நான் வண்டிக்குத்தாம்மா கட்டுனேன். கியருக்கு இல்ல. அங்க கட்டுங்கன்னு சொன்னதே அவருதான். ஓடறதுக்குத்தானே வண்டிக்குப் பூச போடுறோம், நிக்கறதுக்கா? கேட்டிருந்தா அன்னிக்கே நான் அவுத்துக் குடுத்திருப்பேன். யாரும் வந்து கேக்கல."

யாரும் வந்து கேட்கவில்லை! கேட்டீர்களா? அத்தனை பேரிடமும் யோசனை கேட்ட மனிதர், கயிறு கட்டியவரிடம் கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்தவரிடம் கேட்கவில்லை. டாக்டரிடம் கேட்கவில்லை. நாமும்தான் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்பதற்கு நமக்கு என்ன வெட்கமோ!

ஐயா தலையை ஆட்டுகிறார். நன்றி ஐயா.

இன்று காலை நான் ஷெட்டுக்குப் போனேன். புவனேஸ் அக்கா அதே கோணியூசியை எடுத்துக் கொடுத்தார். இதோ அந்தப் புதுக் கயிறு. அறுக்கவில்லை, முழுதாக இருக்கிறது. அவிழ்த்த கை இதோ, ஒன்றும் ஆகவில்லை. ஆகும் என்று நினைப்பவர்கள் காத்திருந்து பார்க்கலாம், நான் எங்கேயும் போகவில்லை.

இந்தக் கயிற்றைப் பூசாரி ஐயா தன் கையால் கிராணியாரின் படத்தில் கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மண்டபத்தில் இனி அசைய வேண்டாதது அது ஒன்றுதான்.

தீர்மானத்தைப் பற்றித் தலைவர் அவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியை நிறுத்துவது என்று எழுதினால் அதில் செயலாளர் கையெழுத்து இருக்காது. நாளை பள்ளிக்கூடம் இல்லை. ஷெட்டிலிருந்து வண்டியை நானே எடுக்கிறேன். ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, பழக்கம்தான் குறைவு. அகிலன் விரும்பினால் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லட்டும். பயம் தெளிந்த பிறகு ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்ளட்டும். வேலை நாட்களில் ஓட்டுவதற்கு இங்கேயே உங்களில் இன்னும் இரண்டு பேர் பெயர் கொடுங்கள். மாலை போட வரிசையில் நின்ற கைகள் எத்தனை! அவற்றில் இரண்டு ஸ்டியரிங் பிடிக்காதா?

கிராணியார் நல்லுசாமி அவர்களே, உங்களோடு ஒரு விஷயத்திலும் நான் ஒத்துப்போனதில்லை. வண்டி நிற்கக் கூடாது என்பதைத் தவிர.

கத்தரீன் அக்கா, காலையில் விடியும் முன்னே ஹாரன் அடிப்பேன். ஏறிக்கொள்ளுங்கள், பேச்சை வண்டியில் வைத்துக்கொள்ளலாம். நான் புதிது, வளைவைப் பார்ப்பதிலேயே கவனம் இருக்கும். தார் தொடங்கும் இடத்தில் மறந்துவிடுவேன். பின்னாலிருந்து அவரை அதட்டியதைப் போலவே என்னையும் அதட்டுங்கள்.

என்ன சொல்ல வேண்டும்? இப்போதே ஒரு முறை சொல்லிக் காட்டுங்கள் அக்கா, எல்லோருக்கும் கேட்கட்டும்.

ஆமாம். ரெண்டு.